பெண்ணியக் குற்றவியலாளராகவும் பொதுவெளிக் கருத்தாளராகவும் பணியாற்ற: மீடா செஸ்னி-லிண்ட் காட்டிய வழி

பெண் ஒருவர் கொல்லப்பட்ட செய்தி வெளியான மாலையிலேயே தொலைக்காட்சி விவாதங்களுக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வழக்கறிஞர், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, கட்சிப் பிரமுகர், மனநல மருத்துவர் என்று இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. அந்தக் குற்றம் எப்படிப் பதிவாகிறது, எப்படிப் பதிவாகாமல் போகிறது, அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெண் எந்தெந்த வாசல்களைத் தட்டியிருப்பார் என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஒருவர் அங்கே இருப்பது அரிது. அந்த இடத்திற்குத் தகுதியோடு வர விரும்பும் மாணவர்களுக்காகவும், சட்டம், சமூகப்பணி, இதழியல் ஆகிய துறைகளிலிருந்து குற்றங்களை ஆராயும் துறையான குற்றவியலின் பக்கம் வர நினைப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதற்கு முன்மாதிரியாக ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் துறைப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய மீடா செஸ்னி-லிண்டை எடுத்துக்கொள்கிறேன். சிறுமிகளையும் பெண்களையும் நீதி அமைப்பு எப்படி நடத்துகிறது என்ற ஒரே கேள்வியை 1970களின் தொடக்கத்திலிருந்து விடாமல் பின்தொடர்ந்தவர் அவர். ஆய்விதழ்களில் எழுதியதை நாளிதழ்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னார். 2019இல் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அவருடைய பணிவாழ்வைப் படிப்படியாகப் பார்த்தால், ஆய்வும் பொதுப்பேச்சும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது தெளிவாகப் புரியும்.

முதலில், துறை எதைப் பார்க்கத் தவறியது என்று படியுங்கள்

குற்றவியல் பாடநூல்களில் பெண்கள் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தார்கள். 1893இல் இத்தாலியின் லொம்ப்ரோசோவும் ஃபெரேரோவும் குற்றம் செய்யும் பெண்ணைப் பரிணாமத்தில் பின்தங்கிய உயிரியாகச் சித்திரித்தார்கள். 1950இல் ஆட்டோ பொல்லாக், பெண்கள் இயல்பிலேயே மறைக்கத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுடைய குற்றங்கள் வெளியே தெரிவதில்லை என்று வாதிட்டார். இவற்றை இன்று படிக்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனாலும் படித்தாக வேண்டும், ஏனென்றால் இதே கருத்துகள் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றைய செய்தி விவாதங்களில் உலவுகின்றன. பிறகு பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரான்செஸ் ஹைடன்சன் 1968இல் எழுதிய கட்டுரைக்கும், கரோல் ஸ்மார்ட் 1976இல் வெளியிட்ட விமரிசனத்திற்கும் வாருங்கள். துறை ஆண்களை மட்டுமே ஆராய்ந்துவிட்டு அதையே மனித இயல்பு என்று பொதுமைப்படுத்தியதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

அதே காலத்தில், 1975இல், ஃப்ரெடா ஆட்லர் முன்வைத்த ஒரு கருத்து பெரும் விளம்பரம் பெற்றது. பெண்விடுதலை இயக்கத்தால் பெண்கள் ஆண்களைப்போல ஆகிவருகிறார்கள், ஆகவே குற்றத்திலும் வன்முறையிலும் ஆண்களை நெருங்குகிறார்கள் என்பது அதன் சாரம். செய்தித்தாள்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. செஸ்னி-லிண்டும் அவருடைய தலைமுறையினரும் இதை மறுத்தார்கள். சிறைகளில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் வறியவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள், சிறுவயதிலேயே வன்முறைக்கு ஆளானவர்கள். விடுதலை இயக்கத்தின் பலன்கள் அவர்களில் பெரும்பாலோரை எட்டியிருக்கவில்லை. பெண்கள் படிக்கப்போனதால்தான் குடும்பங்கள் உடைகின்றன, கைப்பேசி வந்ததால்தான் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்கும்போது ஐம்பதாண்டுப் பழைய இந்த விவாதம் உங்கள் நினைவுக்கு வர வேண்டும். உரிமை கிடைத்ததைக் குற்றத்திற்குக் காரணமாக்கும் வாதத்தைக் கேட்ட உடனே, யார் கைதானார்கள், அவர்களுடைய வாழ்க்கை நிலை என்ன என்ற விவரத்தைத் தேடும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

ஒரு கட்டுக் கோப்புகளோடு சில ஆண்டுகள் இருங்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். செஸ்னி-லிண்ட் தம் 1971ஆம் ஆண்டு முதுகலை ஆய்வுக்காக ஹொனலுலு சிறார் நீதிமன்றத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். 1929-30ஆம் ஆண்டுகளில் அந்த நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகளில் பாதிப்பேர்மீது இருந்த குற்றச்சாட்டு ‘ஒழுக்கக்கேடு’. இன்னொரு பெரும்பகுதியினர் ‘அடங்காதவர்கள்’ என்ற பெயரில் வந்தவர்கள். திருட்டோ அடிதடியோ இல்லை. வந்த சிறுமிகள் அனைவருக்குமே, ஏறக்குறைய விதிவிலக்கின்றி, பிறப்புறுப்புப் பரிசோதனை செய்ய உத்தரவிடப்பட்டிருந்தது. எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரிந்திருந்த மருத்துவர்கள் கன்னிச்சவ்வின் நிலையைச் சில சொற்களில் குறித்துக் கோப்பில் வைத்திருந்தார்கள். சிறுவர்களைவிடச் சிறுமிகள் காவலில் வைக்கப்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு இருந்தது. காவலில் அவர்கள் கழித்த காலம் சராசரியாக ஐந்து மடங்கு. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

இந்த விவரங்கள் எந்தக் கோட்பாட்டு நூலிலிருந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. நீதிமன்றம் தன் கைப்படவே எழுதிவைத்திருந்த தாள்களில் இருந்தன. சிறுமியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்ட அமைப்பு, பெற்றோரின் அதிகாரத்தையும் பெண்ணின் கற்பையும் காவல் காப்பதையே வேலையாகக் கொண்டிருந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். அதிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது: இந்தச் சிறுமிகள் ஏன் வீட்டை விட்டு ஓடினார்கள்? வீட்டுக்குள் அடியும் பாலியல் வன்முறையும் தாங்காமல் ஓடியவர்கள் அவர்களில் ஏராளம். ஓடியதே குற்றமாகப் பதிவாகி, பிடித்து அதே வீட்டுக்கோ சீர்திருத்தப் பள்ளிக்கோ அனுப்பினார்கள்; மீண்டும் ஓடியவர்கள் தெருவில் பிழைப்பதற்காகச் செய்த சில்லறைத் திருட்டும் பாலியல் தொழிலும் அடுத்த குற்றங்களாயின. உயிர் பிழைக்கும் வழிகளையே குற்றமாக்குவது என்று 1989இல் அவர் இதைக் கோட்பாடாக வகுத்தார். பதினெட்டு ஆண்டுக்கால உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது.

இங்கே இந்தியாவுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குச் செய்யப்பட்டுவந்த இருவிரல் பரிசோதனை, அதாவது அந்தப் பெண் பாலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று விரல்களால் பார்க்கும் முறை, அந்த ஹொனலுலுத் தாள்களில் இருந்த அதே எண்ணத்தின் வழிவந்ததுதான். அது பெண்ணின் கண்ணியத்திற்கும் அந்தரங்கத்திற்கும் எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. அதன் பிறகும் வழக்கம் நிற்காததால், அதைச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று 2022இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும் அதைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டது. இந்த மாற்றம் மருத்துவ அறிக்கைகளில் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பது ஒரு முனைவர் பட்டத்திற்குப் போதுமான கேள்வி.

நீங்கள் தொடங்கும்போதும் இப்படி ஒரு கட்டுத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாவட்டத்து மகளிர் நீதிமன்றத்தின் ஐந்தாண்டுத் தீர்ப்புகளாக அது இருக்கலாம். அவற்றில் பலவும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர்கள் அனுப்பிய அறிக்கைகளாக இருக்கலாம். தகவலறியும் உரிமைச் சட்டத்தின்மூலம் பெற்ற எண்ணிக்கைகளாக இருக்கலாம். தீர்ப்பைப் படிக்கும்போது முடிவை மட்டும் பார்க்காதீர்கள். சம்பவம் நடந்த நாளுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவான நாளுக்கும் இடையில் எத்தனை நாள், அந்தத் தாமதத்தை நீதிமன்றம் எப்படிப் புரிந்துகொண்டது, சாட்சிகளில் யார் பிறழ்சாட்சியானார், எந்த உறவினர், எப்போது என்று ஒவ்வொரு வழக்குக்கும் ஒரே வரிசையில் குறித்துவாருங்கள். நூறு வழக்குகளைத் தாண்டும்போது, தொலைக்காட்சியில் எவரும் சொல்லாத ஒன்று உங்கள் குறிப்புகளில் எழுந்து நிற்கும்.

எங்கே படிப்பது

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகப்பணிப் படிப்பு, களப்பணியை மையமாகக் கொண்டது. சட்டம் படித்துவிட்டு வருபவர்களுக்கு வழக்காவணங்களைப் படிக்கும் திறன் கூடுதலாகக் கிடைக்கிறது. சமூகவியல் படித்துவிட்டு வருபவர்களுக்குக் கணக்கெடுப்பு முறை கைவசமிருக்கிறது. எதிலிருந்து வந்தாலும் மற்றொன்றைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். பெண்ணிய ஆய்வென்றால் நேர்காணல் மட்டும்தான் என்ற தவறான எண்ணம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. செஸ்னி-லிண்டின் செல்வாக்கின் பெரும்பகுதி, அரசின் எண்களை அரசைவிடக் கூர்மையாகப் படித்ததால் வந்தது.

எண்களைப் படிக்கும் முறை

1990களில் அமெரிக்காவில் சிறுமிகள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது வேகமாக உயர்ந்தது. ‘புதிய முரட்டுப் பெண்கள்’ என்று இதழ்கள் அட்டைப்படக் கட்டுரைகள் எழுதின. செஸ்னி-லிண்ட் இந்தப் பேச்சை எதிர்கொண்ட விதத்தை அப்படியே பாடமாகக் கொள்ளலாம். கைது எண்ணிக்கை உயர்ந்ததை அவர் மறுக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்தார். பள்ளி மாணவர்களிடம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் நடத்தும் கணக்கெடுப்பில், கடந்த ஓராண்டில் கைகலப்பில் ஈடுபட்டதாகச் சொன்ன சிறுமிகள் 1991இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2003 வாக்கில் அது நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சிறுமிகளின் நடத்தை மென்மையாகிக்கொண்டிருந்தபோதே கைதுகள் கூடியிருக்கின்றன என்றால், மாறியது காவல்துறையின் நடைமுறையாகத்தான் இருக்க வேண்டும். குடும்ப வன்முறைப் புகார்களில் கட்டாயம் கைதுசெய்ய வேண்டும் என்ற விதி வந்ததால், தாயோடு சண்டையிட்டுக் கதவை ஓங்கிச் சாத்திய மகளும் தாக்குதல் வழக்கில் சேர்க்கப்பட்டாள். முன்பு ‘அடங்காதவள்’ என்று பதிவானவளே இப்போது ‘தாக்கியவள்’ என்று பதிவானாள்.

இதிலிருந்து நாம் பெறும் முறை எளியது: ஓர் எண்ணைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன், அதே நிகழ்வை வேறு வழியில் அளந்த இன்னோர் எண்ணைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டின் குடும்ப வன்முறைக் கணக்கில் இதைச் செய்து பாருங்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதே ஆண்டுகளில் ‘கணவர் அல்லது அவருடைய உறவினரின் கொடுமை’ என்ற தலைப்பில் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவு என்கிறது தேசியக் குற்றப் பதிவேட்டுக் காப்பகம். ஏழு கோடிப் பேருக்கும் மேல் வாழும் மாநிலம் இது. பதிவான வழக்குகளின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பெண்களுக்குப் பாதுகாப்பான மாநிலம்’ என்று பேசுபவரும், மற்ற மாநிலங்களின் உயர்ந்த எண்ணைக் காட்டி அவர்களைப் பழிப்பவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

இடைவெளி எங்கே உண்டாகிறது என்று விளக்குவதுதான் குற்றவியலாளரின் வேலை. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேலானோர் எவரிடமும் உதவி கேட்டதில்லை, எவரிடமும் சொன்னதுகூட இல்லை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. சொல்லத் துணிந்து அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்குப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான்; புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே அது, வழக்குப் பதிவு அல்ல. இரு தரப்பையும் வரவழைத்துப் பேசுகிறார்கள், எழுதி வாங்குகிறார்கள், சேர்ந்து வாழச் சொல்லி அனுப்புகிறார்கள். பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றிய புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் திருமணத் தகராறுகளில் முன்விசாரணை நடத்தலாம் என்ற விலக்கையும் அதே தீர்ப்பு தந்திருக்கிறது. புகார் வழக்காக மாறாமல் நிற்பதற்கு அந்த விலக்கும் ஒரு வாசல். இந்த வழியை ஒரு பெண்ணின் காலடியில் நடந்து பார்ப்பதுபோல நிலையம் நிலையமாக விளக்க உங்களுக்குத் தெரிந்திருந்தால், விவாத மேடையில் நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது.

இன்னும் சிலவற்றை மனத்தில் பதியுங்கள். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் தண்டனை அதிகமுள்ள ஒன்றை மட்டுமே காப்பகம் கணக்கில் கொள்கிறது. தண்டனை விகிதம் என்பது விசாரணை முடிந்த வழக்குகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொடுக்கப்பட்ட புகார்கள் அத்தனையையும் வைத்து அல்ல. சிறிய எண்கள் இரட்டிப்பாவது பெரிய செய்தியாகத் தெரியும். நான்கு வழக்குகள் எட்டானால் நூறு விழுக்காடு உயர்வு என்று தலைப்பு வரும். வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு அறிமுகமானவர் என்பது காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் வரும் தகவல். தெருவிளக்கும் கண்காணிப்புக் கேமராவும் மட்டும் தீர்வாகப் பேசப்படும்போதெல்லாம் இதை எடுத்துவையுங்கள்.

குற்றம் செய்த பெண்களை விட்டுவிடாதீர்கள்

பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பெண்ணைப் பற்றிப் பேச எளிதில் எவரும் வருவதில்லை. அமெரிக்க மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் 1980இல் ஏறத்தாழ 12,000 பெண்கள் இருந்தார்கள். 2010ஆம் ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. போதைப்பொருள் சட்டங்கள் கடுமையானதே இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆண்களுக்கான தண்டனை முறையையே சமத்துவம் என்ற பெயரில் பெண்கள்மேல் ஏற்றுவது பழிவாங்கும் சமத்துவம் என்று செஸ்னி-லிண்ட் எழுதினார். சிறைக்கு மாற்று வழிகளைத் தேட வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார். கேட்பவர்களின் கைதட்டலை இழக்க நேரும் பேச்சு இது. இந்தியச் சிறைகளில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். குறைவாக இருப்பதாலேயே அவர்களுக்கெனத் தனிச் சிறைகள் குறைவு, குடும்பத்தாரின் வருகை குறைவு, அவர்களைப் பற்றிய ஆய்வும் குறைவு. உங்கள் பணித்திட்டத்தில் ஒரு பகுதியைக் கட்டாயம் இவர்களுக்கு ஒதுக்குங்கள்.

செய்தியாளர் அழைக்கும்போது

அழைப்பு வந்த உடனே கருத்துச் சொல்லாதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன இருக்கிறது, கைது எந்தப் பிரிவில், உங்களுக்கு வாசித்துக் காட்டப்படும் தகவல் காவல்துறையுடையதா அக்கம்பக்கத்தாருடையதா என்று கேளுங்கள். அரைமணி நேரம் கழித்து அழைக்கும்படி கேட்டால் பெரும்பாலான செய்தியாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்த அரைமணி நேரத்தில் மூன்று வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வழக்கைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது முதல் வாக்கியம். இதுபோன்ற வழக்குகளைப் பற்றி ஆய்வு சொல்வது இரண்டாவது. இதே நிலையில் இன்று இருக்கும் ஒரு பெண் என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். மற்ற எல்லாம் வெட்டப்பட்டாலும் அது வெளிவர வேண்டும் என்று செய்தியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்தியின் சொற்களைத் திருத்துவதும் உங்கள் வேலைதான். மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, மறுத்த பெண்ணைக் கொன்றவனின் செயல் நம் நாளிதழ்களில் ‘ஒருதலைக்காதல் விபரீதம்’ என்று வருகிறது. பின்தொடர்தல் 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். அதைக் காதல் என்று எழுதும்போது, கொலைக்கு முன் நடந்த குற்றங்கள் அனைத்தும் தலைப்பிலேயே மறைந்துபோகின்றன. மனைவியைக் கொன்றவனைப் பற்றி ‘ஆத்திரத்தில்’ என்று எழுதுவதும் இப்படித்தான். பிரிட்டனில் காவலராக இருந்து பேராசிரியரான ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவர்களால் நிகழ்ந்த 372 கொலைகளை ஆராய்ந்து, உறவின் தொடக்கம் முதல் கொலைவரை எட்டுப் படிநிலைகள் இருப்பதை 2019இல் வெளியிட்டார். கட்டுப்படுத்துதல் நெடுநாள் நடக்கிறது, பிரிவு அதற்குச் சவாலாகிறது, திட்டமிடல் தொடங்குகிறது. ஆத்திரம் என்று நாம் படிப்பது கடைசி நிமிடத்தை மட்டுமே. அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985இல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் கேட்கும் கேள்விகளும் இதையொட்டியவையே: கழுத்தை நெரித்ததுண்டா, கொன்றுவிடுவதாக மிரட்டியதுண்டா, அண்மையில் பிரிந்தீர்களா? இந்தக் கேள்விகளைத் தமிழில் வாசகர் முன் வையுங்கள். படிப்பவர்களில் எவரோ ஒருவர் தம் வீட்டை அதில் அடையாளம் காணக்கூடும்.

கேட்கப்படும் கேள்வியே தவறாக இருக்கும்போது அதற்குப் பதில் சொல்லாமல் கேள்வியை மாற்றுங்கள். ‘அந்த நேரத்தில் அந்தப் பெண் அங்கே ஏன் போனார்?’ என்று நெறியாளர் கேட்டால், ‘அந்த நேரத்தில் அங்கே இருந்த மற்ற அனைவரும் பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறார்கள், ஆகவே நேரத்தைப் பற்றிப் பேசுவதைவிட, தாக்கியவரைப் பற்றி முன்பே புகார் இருந்ததா என்று கேட்போம்’ என்று சொல்லலாம். அமைதியாகச் சொன்னால் போதும்.

சட்டம் வகுத்த எல்லை

பாலியல் குற்றத்திற்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். ஈராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு ஊடகங்களைக் கட்டுப்படுத்துகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட சிறாருக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. இறந்துபோனவரின் பெயரையும் வெளியிடக் கூடாது, மறைமுகமாக அடையாளம் தெரியும் விவரங்களையும் சொல்லக் கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயரைத் தவிர்த்துவிட்டு ஊரையும், தெருவையும், தந்தையின் தொழிலையும், படிக்கும் பள்ளியையும் சொல்லிவிடும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். சிற்றூர்களில் அதுவே பெயரைச் சொன்னதற்குச் சமம். உங்கள் ஆய்வுக் கட்டுரையிலும் இதே கவனம் வேண்டும். நேர்காணல் தந்த பெண்ணின் ஒப்புதல் ஆய்வுக்கு மட்டும் உரியது, தொலைக்காட்சிக்கு அது செல்லாது. விசாரணையில் இருக்கும் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று அழைப்பதையும் தவிருங்கள். தீர்ப்பு வருமுன் நீங்கள் காட்டும் அவசரம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் உதவும்.

பிழைப்பும் துணையும்

பல்கலைக்கழக வேலை உடனே கிடைக்காது. அதற்குள் செய்யக்கூடிய பணிகள் பல: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஆற்றுப்படுத்துநர், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், நன்னடத்தை அலுவலர், இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினர், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவச் சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகளில் களப்பணி. இவற்றைக் காத்திருக்கும் காலம் என்று எண்ணாதீர்கள். கோப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, பின்னாளில் பேராசிரியரான பிறகு கிடைக்காது. தொலைக்காட்சிப் பேச்சுக்குப் பெரும்பாலும் ஊதியமில்லை. அதை வருமானமாக நம்பித் திட்டமிடாதீர்கள்.

தனியாக நிற்கவும் முயலாதீர்கள். அமெரிக்கக் குற்றவியல் சங்கத்துக்குள் பெண்களும் குற்றமும் பற்றிய தனிப் பிரிவு 1984இல் அமைந்தது. அந்தப் பிரிவின் ஆய்விதழ் 2006இல் தொடங்கியது. சங்கக் கூட்டங்களில் ஓர் அறையின் ஓரத்தில் சிலர் கூடிப் பேசியதிலிருந்து ஒரு துறை எழுந்ததற்கு இப்படிப்பட்ட அமைப்புகளே காரணம். 1988இல் கேத்லீன் டேலியோடு சேர்ந்து செஸ்னி-லிண்ட் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களின் முதல் வாசிப்பாக இருக்கிறது. அதுவும் இணைந்து எழுதியதே. பொதுவெளியில் பேசும் பெண்ணுக்கு இணையத்தில் வரும் வசை கொஞ்சமல்ல. வசையைப் படித்துத் தேவையானதைச் சான்றாகச் சேமித்து, மற்றதை நீக்கும் பொறுப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மிரட்டல் வந்தால் அதைச் சைபர் குற்றப் பிரிவில் புகாராகப் பதிவுசெய்யுங்கள். நேர்காணல்களில் கேட்டவை உறக்கத்தைக் கெடுக்கத் தொடங்கினால், களப்பணியை நிறுத்திவைத்து ஆற்றுப்படுத்துநரைப் பாருங்கள். உங்களோடு பணியாற்றும் மாணவிகளுக்கும் அதே ஓய்வைக் கேட்காமலே கொடுங்கள்.

சொன்னதைப் பதிந்துவையுங்கள்

எந்த நாளில், எந்த ஊடகத்தில், எந்த எண்ணைச் சொன்னீர்கள், அது எந்த ஆண்டின் அறிக்கையில் எந்த அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். காப்பகத்தின் புதிய அறிக்கையோ அடுத்த குடும்பநல ஆய்வோ வெளியாகும்போது அந்தப் பேரேட்டை எடுத்து, எவை இன்னும் சரி, எவை மாறிவிட்டன என்று பாருங்கள். மாறியிருந்தால் அதே நாளிதழுக்குக் கடிதம் எழுதுங்கள். அதே நெறியாளருக்குத் தகவல் அனுப்புங்கள். வழக்கில் தீர்ப்பு வந்திருந்தால், குறிப்பாக விடுதலையாக இருந்தால், தீர்ப்பை முழுமையாகப் படித்து, விசாரணை எங்கே பிசகியது, எந்தச் சாட்சி ஏன் நிற்கவில்லை என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதுங்கள். கொலை நடந்த மாலையில் அழைத்தவர்கள் தீர்ப்பு வந்த நாளில் பெரும்பாலும் அழைக்க மாட்டார்கள். அன்று நீங்களே அவர்களை அழையுங்கள்.